ஒன்றாம் வகுப்புக்கு 'சீட் இல்லை' என்கிறார்களா? பெற்றோர் எங்கே, எப்படி முறையிடலாம்?

திருப்பூர், ஜூன் 6-

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஆனால் பனியன் கம்பெனி வேலைக்காக வெளியூரில் இருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் பல பேர் இன்னமும் பிள்ளையை கையில் பிடிச்சிக்கிட்டு ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்குகிறார்கள். 'சீட் முடிஞ்சு போச்சு', 'டி.சி. கொண்டு வாங்க', 'பிறப்பு சான்றிதழ் இல்லாம சேர்க்க முடியாது', 'ஆதார் எடுத்துட்டு வாங்க' என்று ஆளுக்கு ஒரு காரணம்.

ஒரு நாள் சிப்ட் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. நாலு நாள் அலைஞ்சு பார்த்துட்டு, 'சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைத்து விடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. இந்த காரணங்களில் பெரும்பாலானவை சட்டப்படி செல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் இலவச கட்டாய கல்வி உரிமை சட்டம் 2009-ல் நிறைவேற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலில் உள்ளது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லா குழந்தைகளுக்கும் வீட்டுக்கு பக்கத்தில் உள்ள பள்ளியில் 8-ம் வகுப்பு வரை இலவசமாக படிக்க உரிமை உண்டு. தமிழ்நாட்டில் ஜூலை 31-ந்தேதிக்குள் 5 வயது முடிந்த குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறார்கள்.

தேனியில் இருந்து வந்தாலும் சரி, பீகாரில் இருந்து வந்தாலும் சரி, பிள்ளை எங்கே குடியிருக்கிறதோ அந்த ஊரில்தான் இந்த உரிமை. சொந்த ஊருக்கு போய் படிக்க சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

இந்த காரணங்கள் செல்லாது

பிறப்பு சான்றிதழ்: வயதுக்கு சான்று இல்லை என்று எந்த குழந்தைக்கும் இடம் மறுக்க கூடாது. இது சட்டத்தின் 14-வது பிரிவு. ஆஸ்பத்திரி பதிவு, அங்கன்வாடி பதிவு போன்றவற்றை காட்டலாம். அதுவும் இல்லை என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும்.

தேதி தாண்டி விட்டது: பள்ளி திறந்து சில வாரம் ஆனாலும் பிள்ளையை சேர்க்கத்தான் வேண்டும். 15-வது பிரிவு இதை சொல்கிறது.

டி.சி.: ஒரு பள்ளியில் இருந்து அரசு பள்ளிக்கோ, அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது, டி.சி. வரவில்லை என்பதற்காக சேர்க்காமல் இருக்க கூடாது. பழைய பள்ளி தலைமை ஆசிரியர் டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் அவர் மீது நடவடிக்கை எடுக்கலாம். இது 5-வது பிரிவு. 'பீஸ் பாக்கி இருக்கு, கட்டினால்தான் டி.சி.' என்று சொல்வதும் கூடாது. டி.சி. என்பது பீஸ் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பு கூறி உள்ளது.

ஆதார்: பள்ளியில் சேர்க்க ஆதார் கட்டாயம் இல்லை என்று 2018 செப்டம்பர் 26-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

நுழைவு தேர்வு, நன்கொடை: பிள்ளைக்கு டெஸ்ட் வைப்பது, அப்பா-அம்மாவிடம் இன்டர்வியூ நடத்துவது, டொனேஷன் கேட்பது எல்லாமே குற்றம். தேர்வு வைத்தால் முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த தடவை 50 ஆயிரம் ரூபாய் வரையும் அபராதம். டொனேஷன் வாங்கினால், வாங்கிய தொகையை போல 10 மடங்கு வரை அபராதம். இது 13-வது பிரிவு.

தனியார் பள்ளியில் 25 சதவீதம்

தனியார் சுயநிதி பள்ளிகள் தங்கள் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, பின்தங்கிய குடும்பத்து பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அந்த பிள்ளைகளின் படிப்பு செலவை அரசு பள்ளிக்கு கொடுத்து விடும். இந்த ஒதுக்கீடு செல்லும் என்று 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த சட்டம் பொருந்தாது என்று 2014-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. எனவே விண்ணப்பிக்கும் முன்பே அது சிறுபான்மை பள்ளியா என்று கேட்டு தெரிந்து கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு குறைவாக உள்ளவர்கள் நலிவடைந்த பிரிவில் வருவார்கள். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள். ஆதரவற்ற குழந்தை, மாற்றுத்திறனாளி குழந்தை, தூய்மை பணியாளரின் குழந்தை போன்றவர்களுக்கு குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை உண்டு. மற்றவர்களுக்கு இடத்தை விட மனு அதிகமாக இருந்தால் குலுக்கல்.

இதில் வாடகை வீட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் 1 கிலோ மீட்டருக்குள் இருக்கணும். ரேஷன் கார்டு சொந்த ஊர் முகவரியில் இருந்தால் மனு தள்ளுபடி ஆகிவிடும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே முகவரியை மாற்றிக் கொள்ளுங்கள்.

விண்ணப்ப தேதியும் ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதிரி இருப்பது இல்லை. 2025-26 கல்வி ஆண்டில் மத்திய அரசு நிதி வராததால் சேர்க்கை தள்ளிப்போய் அக்டோபரில்தான் தொடங்கியது. எனவே அரசு அறிவிப்பை பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும்.

எதற்கு முறையிட முடியாது?

குலுக்கலில் பெயர் வரவில்லை என்பதற்காக மட்டும் முறையிட்டு பிரயோஜனம் இல்லை. பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் தகுதி இருந்தும் பெயரையே குலுக்கலில் சேர்க்காமல் விட்டது, தூரத்தை தப்பாக கணக்கு போட்டது, இடம் காலியாக இருந்தும் 'புல் ஆயிடுச்சு' என்று சொன்னது, இதற்கெல்லாம் தாராளமாக முறையிடலாம். தள்ளுபடியான மனுவுக்கு என்ன காரணம் என்பதை முதலில் பாருங்கள். அந்த காரணத்துக்குத்தான் நாம் பதில் சொல்லணும்.

அதே போல 25 சதவீதத்தில் இல்லாமல் பணம் கட்டி படிக்கிற இடத்தை 'எனக்கு இந்த தனியார் பள்ளியில்தான் வேணும்' என்று சட்டத்தை காட்டி கேட்க முடியாது. அரசு பள்ளி அப்படி அல்ல. அங்கே இடம் கிடைப்பது உரிமை.

எங்கே முறையிடுவது?

முதல் படி: பள்ளியில் வாயால் கேட்டுட்டு திரும்பி வராதீர்கள். ஒரு வெள்ளை பேப்பரில் பிள்ளைக்கு இடம் கேட்டு மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீல், கையெழுத்து கேளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை பத்திரமாக வையுங்கள். இந்த ரசீதுதான் பின்னால் கைகொடுக்கும்.

2-வது படி: அரசு தொடக்கப்பள்ளி என்றால் வட்டார கல்வி அலுவலர். தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்ட கல்வி அலுவலர். இவர்களுக்கு மேலே முதன்மை கல்வி அலுவலர் இருக்கிறார். பெரும்பாலான அரசு பள்ளி விவகாரம் வட்டார கல்வி அலுவலர் போன் போட்டாலே முடிந்து விடும். பள்ளி கல்வித்துறையின் 14417 என்ற எண்ணுக்கு போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

3-வது படி: கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஒரு பைசா செலவு இல்லை. மனு பதிவு எண் உள்ள சீட்டை மறக்காமல் வாங்கிக் கொள்ளுங்கள்.

4-வது படி: இதுதான் முக்கியம். கல்வி உரிமை சட்டம் 32-வது பிரிவின் கீழ் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அல்லது அந்த பள்ளி மீது நிர்வாக அதிகாரம் உள்ள அதிகாரியிடம் கொடுக்கணும். எது என்று குழப்பமாக இருந்தால் கல்வி அதிகாரிக்கு ஒன்று, மாநகராட்சி கமிஷனருக்கு ஒரு நகல் என்று இரண்டு பேருக்கும் அனுப்பி விடுங்கள். இரு தரப்பையும் விசாரித்து 3 மாதத்துக்குள் முடிவு சொல்லணும்.

5-வது படி: அந்த முடிவில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள மாநில குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். விசாரணைக்கு ஆட்களை வரவழைக்க, ஆவணங்களை கேட்க இந்த ஆணையத்துக்கு சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு.

கடைசியாக ஐகோர்ட்டு. 'வக்கீலுக்கு கொடுக்க பணம் ஏது?' என்று பயப்பட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட கோர்ட்டு வளாகத்திலேயே இதற்கு அலுவலகம் இருக்கிறது. அம்மா பெயரில் மனு போட்டாலே போதும்.

ஆர்.டி.ஐ. என்ற ஆயுதம்

'இடம் இல்லை' என்று தனியார் பள்ளி சொல்வது உண்மையா என்று தெரியணுமா? முதன்மை கல்வி அலுவலர் அலுவலகத்தின் பொது தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி மனு போடுங்கள். அந்த பள்ளியின் ஆரம்ப வகுப்பில் மொத்தம் எத்தனை இடம், 25 சதவீதத்தில் எத்தனை நிரம்பியது, என் மனு எந்த காரணத்துக்காக தள்ளுபடி ஆனது என்று மூன்றே கேள்வி போதும். 30 நாளில் பதில் வரணும்.

மனுவில் என்ன எழுதணும்?

கதை எல்லாம் வேண்டாம். பிள்ளை பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, எந்த பள்ளி, எந்த வகுப்பு, எந்த தேதியில் போனோம், யார் என்ன காரணம் சொன்னார்கள், நமக்கு என்ன வேணும். இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போக கூடாது. ரசீது, சான்றிதழ் நகல்களை பின்னால் இணைத்து விடுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துட்டு வராதீர்கள்.

பிள்ளை வீட்டில் இருக்க கூடாது

மனு, விசாரணை என்று 3 மாதம் ஓடலாம். அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பக்கத்தில் உள்ள அரசு பள்ளியில் உடனே சேர்த்து விடுங்கள். அங்கே படிப்பதால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. உத்தரவு வந்ததும் மாற்றிக் கொள்ளலாம்.

அந்த அரசு பள்ளியிலேயே சேர்க்க மறுத்தால் ஒரு நாள் கூட தாமதிக்க வேண்டாம். அன்றைக்கே வட்டார கல்வி அலுவலரை பாருங்கள். லீவு கிடைக்காதவர்கள் 14417-க்கு போன் செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் போன் செய்யலாம்.