ஆங்கிலப் பகுபதங்களைப் பகுக்குமாறு

நன்னூல் கற்ற மாணாக்கர்க்குப் பதம் பகுத்தல் புதிதன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறனுள் ஏற்பவை கூடிப் பகுபதம் ஆகுமென்பதை அவர் அறிவர். அவ்வறிவோடு ஆங்கிலச் சொற்களை அணுகுவார்க்கு வழி பெரும்பாலும் எளிதே. ஓரிடத்தில் மட்டும் அது வழுக்கும். நம் மொழியிற் பகுதியே முன்னிற்பது. ஆங்கிலத்திலோ பகுதிக்கு முன்னரும் உறுப்புக்கள் வந்து ஒட்டும். அநீதி, அவமானம் முதலிய வடசொற்களில் யாம் காண்பனவும் அத்தகைய முன்னொட்டுக்களே.

முன்னும் பின்னும் ஒட்டுக்கள் வருமாயின், எது முதலிற் சேர்ந்தது என்னும் வினா எழும். 'அன்லாக்கபிள்' என்னும் சொல்லை நோக்குக. 'லாக்' என்பது பூட்டுதல். 'ஏபிள்' இயலுதலைக் குறிக்கும் பின்னொட்டு. இவ்விரண்டும் முதலிற் கூடினாற் பூட்டத்தக்கது என்றாகும். அதன்மேல் 'அன்' வரின் பூட்டவியலாதது. மாறாக, 'அன்' முதலிற் கூடின் பூட்டைத் திறத்தல் என்றாகும். பின்னர் 'ஏபிள்' சேரின் திறக்கத்தக்கது. முன்னையது எதிர்மறை 'அன்'. பின்னையது செய்ததை மீட்கும் 'அன்'. பூட்டே கொள்ளாத கதவையும், பூட்டியபின் திறக்கவல்ல கதவையும் ஒரு சொல்லே குறிக்கின்றது!

இதனினும் இடர் மிக்கது 'இன்' என்னும் முன்னொட்டு. இலத்தீனிலிருந்து வந்த 'இன்' இரண்டு உண்டு. ஒன்று இன்மை குறிப்பது. 'இன்விசிபிள்' என்பது கண்ணுக்குப் புலனாகாதது. இவ்வொட்டு வருமொழிக்கேற்பத் திரிந்து 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என நிற்றல் நம் புணர்ச்சி விதிகளை நினைப்பூட்டும். மற்றொன்று 'உள்ளே' என்னும் பொருட்டு. 'இன்ஃபிளேமபிள்' என்பதில் உள்ளது இப்பின்னையதே. ஆதலின் அச்சொல் எளிதில் தீப்பற்றுவது என்றே பொருள்படும். அதனை எதிர்மறையெனக் கொண்டு, தீப்பற்றாதது என்று கருதுவோன் எண்ணெய்ப் பீப்பாயின் அருகே விளக்கை ஏந்தி நிற்கவுங் கூடும். இதுபற்றியே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களில் 'ஃபிளேமபிள்' என்றே வழங்குமாறு வற்புறுத்தினர். இன்றும் இரு சொற்களும் ஒரு பொருளனவே. தீப்பற்றாததற்கு 'நான்ஃபிளேமபிள்' என்பது வேறு.

பன்மை, காலம், ஒப்பீடு முதலியன காட்டும் விகுதிகள் ஆங்கிலத்தில் எட்டே. அவை சொல்லின் கடைசியில் நிற்பன. மயக்கந் தருவன அல்ல. ஆயினும் 'பீ' என்னும் பட்டாணிப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. முன்னர் 'பீஸ்' என்பதே ஒருமை. அதன் ஈற்றொலியைப் பன்மை விகுதியென மக்கள் மயங்கி அகற்ற, 17ஆம் நூற்றாண்டளவில் 'பீ' என்னும் புதிய ஒருமை பிறந்தது.

இவ்வாறே ஹாம்பர்க் நகர்ப் பெயரோடு 'அர்' விகுதி சேர்ந்த 'ஹாம்பர்கர்' என்பதைப் பன்றித்தொடை இறைச்சியைக் குறிக்கும் 'ஹாம்' என்றும் 'பர்கர்' என்றும் பிளந்தனர். 'சீஸ்பர்கர்' அதன் வழித்தோன்றல்.

நம் கட்டுமரமும் இதற்குத் தப்பவில்லை. கட்டு, மரம் என்னும் இரண்டன் தொகையாகிய அது 17ஆம் நூற்றாண்டிலேயே 'கேட்டமரான்' என ஆங்கிலத்திற் புகுந்து, அங்கே பகாப்பதமாயிற்று. நாளடைவில் இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராயிற்று. பின்னர், 20ஆம் நூற்றாண்டின் நடுவில், மூவுடற் படகு ஒன்று தோன்றியபொழுது, 'கேட்ட' என்பதை வெட்டி, மூன்றெனப் பொருள்படும் 'டிரை' என்பதை அவ்விடத்து ஒட்டி, 'டிரைமரான்' என்றனர். கட்டியதற்கு உரிய சொல் எண்ணுக்கு இடம் விட்டு நீங்கிற்று. மரம் மட்டும், மரத்தாற் செய்யப்படாத படகுகளிலும், இன்றளவும் நிற்கின்றது.