கூட்டு வேலைக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

கிராமங்களில் கூட்டு வேலை என்பது புதிதன்று. ஏரிக்கரையை உயர்த்துவதும், வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வதும், திருவிழாவை நடத்துவதும் ஊரார் ஒன்றுகூடிச் செய்துவந்த காரியங்களேயாகும். எந்த வீட்டார் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும், எந்தப் பகுதி யாருடைய பொறுப்பு என்பவற்றை அக்காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் தம் நினைவிலேயே வைத்திருந்தனர். இன்று நிலைமை வேறு. ஒரே வேலைக்குப் பணம் பல வழிகளில் வருகிறது. மதிப்பீடு, ரசீது, புகைப்படம், அனுமதிக் கடிதம் என்று ஆவணங்கள் பெருகிவிட்டன. பொறுப்பேற்றவர்களுள் சிலர் ஊரிலும், சிலர் பிழைப்புக்காக வெளியூரிலும் இருக்கின்றனர். ஆகவே, வேலையின் போக்கை எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கும்படி செய்யும் மென்பொருள்களை நாடும் வழக்கம் பரவி வருகிறது.

இத்தகைய மென்பொருள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. விளம்பரங்களைப் படித்தால் ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் செய்து முடிக்கும் என்றே தோன்றும். பாசனதாரர் சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, மகளிர் குழுக்களின் கூட்டமைப்போ இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

ஓர் உதாரணம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியை அடுத்த நாகரசம்பட்டிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மாந்தோப்புகளும் தென்னையும் நெல்வயல்களும் கொண்ட உழவுப் பகுதி இது. தென்பெண்ணையாற்றின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் பாரூர் ஏரி இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது. அதே சமயம், போச்சம்பள்ளியில் சிப்காட் தொழிற்பேட்டையும், வடமேற்கே ஓசூரின் பெரிய தொழிற்சாலைகளும், எல்லைக்கு அப்பால் பெங்களூரும் இளைஞர்களை ஈர்த்து வருகின்றன. வேலைகளைக் கணினியில் குறித்துத் தொடரும் பழக்கம் அங்கிருந்துதான் கிராமத்துக்கு வருகிறது.

இங்குள்ள சிற்றேரி ஒன்றைப் பதினைந்து பேர் கொண்ட பாசனதாரர் குழு சீரமைக்க முனைகிறது என்று வைத்துக்கொள்வோம். சீமைக் கருவேலத்தை அகற்றுதல், வண்டல் எடுக்க அனுமதி பெறுதல், தூர் வாருதல், கரையைப் பலப்படுத்துதல், மதகின் பலகையைப் பழுது பார்த்தல், வரத்துக் கால்வாயைத் திறந்துவிடுதல் ஆகியவை இதன் பகுதிகள். இவற்றுள் சில ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டும். முள்மரத்தை வேரோடு அகற்றாமல் கரையைப் பலப்படுத்த இயலாது. அனுமதி வராமல் வண்டலைத் தொட இயலாது. ஏரி வற்றியிருக்கும் கோடை மாதங்களில் தூர் வாராவிட்டால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு அந்த ஆண்டு வேலை நின்றுவிடும். அனுமதிக் கடிதம் ஒன்று ஒரு மாதம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் ஓராண்டுப் பாசனம் பாதிக்கப்படுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இதில் கணக்கு விஷயமும் கலந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது, வேலைகள் பாசனதாரர் சங்கங்கள் வாயிலாக நடைபெறவும், மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அளிக்கவும் வழி செய்யப்பட்டது. இவ்வாறு உழைப்பே பங்காக அமையும் இடங்களில், யார் எத்தனை நாள் வந்தார் என்னும் பதிவு தவறினால் ஊரில் மனத்தாங்கல் விளையும்.

மென்பொருள் செய்வது என்ன?

எந்த மென்பொருளாயினும் அது நான்கு கேள்விகளுக்கு விடை காட்டும் பலகைதான். செய்ய வேண்டியது என்ன? அதற்குப் பொறுப்பானவர் யார்? எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும்? எந்த வேலை முடிந்த பின் இது தொடங்கலாம்? இக்கேள்விகளுக்குக் குழுவே விடை வகுக்காத நிலையில், எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் பயன் தராது. எனவே, முதலில் குழுவினர் உட்கார்ந்து வேலைகளை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரை மட்டும் எழுத வேண்டும். இருவர் பெயர் எழுதப்பட்ட வேலை பெரும்பாலும் ஒருவருக்கும் உரியதாகாமல் போய்விடுகிறது.

இந்த முறைகள் யாவும் இன்றைய கைபேசிக்கு மிகவும் முற்பட்டவை. அமெரிக்கப் பொறியாளரான ஹென்றி கான்ட் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒவ்வொரு வேலையையும் தேதிகளின் மேல் ஒரு பட்டையாக வரைந்து காட்டும் முறையைப் பரப்பினார். 1957, 1958ஆம் ஆண்டுகளில் டூபான்ட் இரசாயன நிறுவனமும், பொலாரிஸ் ஏவுகணையைத் தயாரித்த அமெரிக்கக் கடற்படையும், எந்த வேலைகளின் தாமதம் முழுத் திட்டத்தையும் தாமதப்படுத்தும் என்று கணக்கிடும் முறைகளைத் தனித்தனியே வகுத்தன. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையின் தையிச்சி ஓனோ, பொருளோடு ஓர் அட்டையையும் அனுப்பி, தேவைக்கேற்பவே உற்பத்தி நடக்கும்படி செய்தார். ‘கான்பான்’ எனப்படும் இவ்வட்டை முறை வாகனத் தொழிலில் உலகெங்கும் பரவியது.

மூவகை மென்பொருள்கள்

மேற்கூறிய முறைகளையொட்டியே இன்றைய மென்பொருள்களும் பெரும்பாலும் மூன்று வகையாக அமைந்துள்ளன.

முதலாவது, அட்டைப் பலகை வகை. ‘செய்ய வேண்டியவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என்னும் பத்திகளில் வேலை அட்டைகளை நகர்த்துவது. 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ இவ்வகையைச் சேர்ந்தது. பார்த்தவுடன் புரியும் என்பது இதன் சிறப்பு. எந்த வேலைக்குப் பின் எது என்பதை எளிதில் காட்டாது என்பது இதன் குறை.

இரண்டாவது, காலப் பட்டை வகை. மைக்ரோசாப்ட் புராஜெக்ட் இதற்கு உதாரணம். கட்டடம், பாலம், குடிநீர்த் தொட்டி போன்ற வரிசை தவறாத பணிகளுக்கு இது தக்கது. ஆனால் தேதிகளை அடிக்கடி திருத்திவரப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை.

மூன்றாவது, முறையீட்டுப் பதிவு வகை. ஆஸ்திரேலிய நிறுவனமான அட்லாசியன் 2002இல் வெளியிட்ட ஜிரா, மென்பொருளில் காணும் பிழைகளைப் பதிந்து தீர்ப்பதற்காகவே முதலில் தோன்றியது. தெருவிளக்கு எரியவில்லை, குழாய் உடைந்தது போன்ற முறையீடுகளைத் தொடர இம்முறை பொருத்தமானது. ஏரி வேலைக்கு இதன் ஏற்பாடுகள் மிகையாகும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் புராஜெக்ட்ஸ் போன்றவை இம்மூன்றையும் கலந்து தருகின்றன. பெயர்களை இங்கே குறிப்பிடுவது விளக்கத்துக்காகவே, பரிந்துரைக்காக அன்று.

நமது உதாரணத்துக் குழுவுக்கு, தேதி குறிக்கும் வசதியுள்ள எளிய அட்டைப் பலகையே போதும். வேலைகள் இருபதுக்கும் குறைவாக, எல்லோரும் ஒரே ஊரில் இருப்பின், சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒரு கரும்பலகையும் ஒரு நோட்டுப் புத்தகமுமே போதும். மென்பொருள் வாங்காமலிருப்பதும் ஒரு நல்ல தேர்வே என்பதை மறக்கலாகாது.

அரசின் பதிவுகளும் குழுவின் பதிவுகளும்

கிராம ஊராட்சிகளின் திட்டம், வேலை முன்னேற்றம், கணக்கு ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிவதற்காக, 2020 ஏப்ரல் 24ஆம் தேதி, தேசிய பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று, மத்திய அரசு ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் இணையத் தளத்தைத் தொடங்கியது. அதற்கு முன் பிரியாசாப்ட், பிளான்பிளஸ் என்று தனித்தனியே இருந்த பதிவுகள் அதில் ஒன்றாக்கப்பட்டன. ஊராட்சி வேலைகளை இதில் பதிவது கடமை, விருப்பத்துக்கு உரியதன்று. எனவே குழு தேர்ந்தெடுக்கும் மென்பொருள், அரசுப் பதிவுக்கு முன்னர் களத்தில் நடப்பதைக் குறிப்பதற்கு மட்டுமே உதவ வேண்டும். ஒரே விவரத்தை இரு இடங்களில் எழுதும்படி நேர்ந்தால், சில வாரங்களில் ஒன்று கைவிடப்படும். அல்லது இரண்டும் முரண்படும்.

அரசின் அனுபவத்திலிருந்து மற்றொரு பாடமும் கிடைக்கிறது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், தொழிலாளர் வருகையைக் கைபேசிப் புகைப்படத்துடன் பதியும் முறை 2021இல் தொடங்கி, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. கைபேசித் தொடர்பு கிட்டாத இடங்களில் வருகை பதிவாகாமல், செய்த வேலைக்குக் கூலி கிடைப்பதில் இடர்ப்பாடு நேர்ந்ததாகப் பல மாநிலங்களில் புகார்கள் எழுந்தன. கருவி பதியவில்லை என்பதால் உழைத்தவன் உழைக்காதவன் ஆகிவிடக்கூடாது. ஆகவே எந்த மென்பொருளுடனும் ஒரு கைச்சாத்துப் புத்தகம் துணையாக இருக்க வேண்டும்.

தேர்வுக்கு முன் கவனிக்க வேண்டியவை

1. மொழி: பொத்தான்களின் பெயர்கள் தமிழில் உள்ளனவா? தமிழில் எழுதியதைத் தேடினால் கிடைக்கிறதா? அச்சிட்டால் எழுத்துகள் சிதையாமல் வருகின்றனவா? எல்லையோர மாவட்டமாகிய கிருஷ்ணகிரியில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோரும் உள்ளனர். ஒவ்வொருவரும் தம் மொழியில் குறிப்பு எழுத இடமிருத்தல் நலம்.

2. தொடர்பு: ஏரிக்கரையிலும் தோப்பிலும் இணையம் விட்டுவிட்டு வரும். தொடர்பு இல்லாதபோது எழுதியதைச் சேமித்து, பின்னர் தானே அனுப்பும் வசதி இருக்க வேண்டும்.

3. கைபேசி: குழுவில் உள்ளவற்றுள் மிகப் பழைய கைபேசியில் அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செயலாளரின் புதிய கைபேசியில் இயங்குவது ஆதாரமாகாது.

4. உரிமை: பெரும்பாலான குழுக்களில் கணினி பழகிய இளைஞர் ஒருவர் தம் சொந்த எண்ணிலேயே கணக்கைத் தொடங்கிவிடுகிறார். அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டதும், குழுவின் பதிவுகள் எவருக்கும் எட்டாமற் போகின்றன. கணக்குச் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் எண்ணிலும் இருக்க வேண்டும். நிர்வாக உரிமை குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். விலகியவர் பெயரை நீக்கும் முறையைத் தீர்மானமாகவே எழுதி வைக்க வேண்டும்.

5. ஆவணத்தை மீட்டல்: எல்லா விவரங்களையும் அட்டவணையாக இறக்கிக்கொள்ள முடிகிறதா? வேலைப் பட்டியலுக்குப் புகழ்பெற்றிருந்த வுண்டர்லிஸ்ட் என்னும் மென்பொருளை மைக்ரோசாப்ட் 2015இல் வாங்கி, 2020 மே 6ஆம் தேதி மூடிவிட்டது. எந்த நிறுவனத்தின் சேவையும் ஒருநாள் நிற்கலாம். மாதம் ஒருமுறை பதிவுகளை இறக்கி அச்சிட்டுக் கோப்பில் சேர்ப்பது நல்ல வழக்கம்.

6. செலவு: பல மென்பொருள்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஒருவருக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 பேருக்கு ஆண்டுக்கு 54,000 ரூபாய். 18 சதவீத வரியுடன் 63,720 ரூபாய். சிற்றேரிக் குழுவுக்கு இது தாங்கத்தக்கதா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்ய வேண்டும். இலவசமாகத் தருபவை பல, ஆட்களின் எண்ணிக்கைக்கோ வசதிகளுக்கோ வரம்பு வைத்திருக்கும். ரெட்மைன் போன்ற திறந்த மூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஒருவரும், இயங்க ஒரு கணினியும் தேவை.

7. தனி விவரங்கள்: ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை இம்மென்பொருள்களில் எழுதலாகாது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென்று நாட்டில் 2023ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. வேலைப் பலகைக்குப் பெயரும் பொறுப்புமே போதும்.

சோதித்துப் பார்த்தல்

புதிய விதையை முதலில் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்ப்பது உழவர் வழக்கம். மென்பொருளையும் அவ்வாறே சோதிக்கலாம். இரண்டைத் தெரிந்தெடுத்து, வரத்துக் கால்வாயின் ஒரு பகுதியைச் சுத்தம் செய்வது போன்ற சிறு வேலையில் ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் பயன்படுத்த வேண்டும். அப்போது மூன்று காரியங்களைச் செய்து பார்க்க வேண்டும். கைபேசிப் பழக்கம் மிகக் குறைந்த உறுப்பினர் பிறர் உதவியின்றி ஒரு வேலையை ‘முடிந்தது’ என்று குறிக்கட்டும். பிறகு, ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கி, அவர் எழுதியவை நிலைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இறுதியில், எல்லாப் பதிவுகளையும் இறக்கி அச்சிட வேண்டும். இம்மூன்றும் இயலாத மென்பொருள் எவ்வளவு அழகியதாயினும் அதை விட்டுவிடலாம்.

தேர்ந்தெடுத்த பின்னரும் ஒரு விதி தேவை. வாட்ஸ்அப்பில் சொல்லியாகிவிட்டது என்று எவரும் அமைந்துவிடக்கூடாது. பலகையில் இல்லாத வேலை ஒப்புக்கொள்ளப்பட்ட வேலையன்று என்று குழு முடிவு செய்து, வாரந்தோறும் ஒரு குறித்த நாளில் பலகையை எல்லோரும் கூடிப் பார்க்க வேண்டும்.

ஊரார் பார்வையில்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களின் எண்ணிக்கை 2022இல் ஆறாக உயர்த்தப்பட்டது. உலக நீர் நாளாகிய மார்ச் 22 புதிதாகச் சேர்க்கப்பட்ட இரு நாட்களுள் ஒன்று. கோடையில் ஏரி வேலை தொடங்குவதற்கு முன் அமையும் அந்நாளில், குழுவின் வேலைப் பட்டியலை அச்சிட்டுச் சபை முன் வைக்கலாம். நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டத்தில், அதே பட்டியலில் எவை முடிந்தன, எவை நின்றன, யார் பொறுப்பு என்பதைக் காட்டலாம். கைபேசி இல்லாத முதியவரும், கடைமடை உழவரும் அத்தாளைப் படித்துக் கேள்வி கேட்க முடியுமானால், அம்மென்பொருள் ஊருக்கு ஏற்றதே என்று கொள்ளலாம். பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும், மென்பொருள் விற்பவர் சொல்லைக் கேட்குமுன், தம் குழுவின் வேலைகளையும் பொறுப்பாளர்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பார்களாக.