வகுப்பில் ஒரே ஒருவர்

பேராசிரியரின் குரல் கேட்கும், கரும்பலகையும் தெரியும். ஆனால் அந்த மாணவர் உட்கார்ந்திருந்தது வகுப்பறைக்குள் அல்ல. 1948 அக்டோபரில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்த ஜார்ஜ் மெக்லாரினுக்கு வகுப்பை ஒட்டிய சின்ன முன்னறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வகுப்பில் படிப்பதை அமெரிக்காவின் அந்த மாநிலச் சட்டம் அப்போது தடை செய்திருந்தது. மெக்லாரின் கறுப்பினத்தவர், ஏற்கெனவே முதுகலைப் பட்டம் பெற்றவர். நீதிமன்றம் சொல்லிவிட்டதால் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்த கையோடு தனியே உட்கார வைத்தது.

நூலகத்தில் எல்லோரும் படிக்கும் கூடத்துக்குள் அவர் போகக் கூடாது; இடைத்தளத்தில் அவருக்கென்று ஒரு மேசை. உணவகத்திலும் தனி மேசை, அதுவும் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில். வழக்கு மேல்நீதிமன்றத்துக்குப் போன பிறகு வகுப்பறைக்குள்ளேயே இடம் கொடுத்தார்கள். அதையும் கறுப்பினத்தவருக்கென்று குறித்த வரிசையில்தான் கொடுத்தார்கள். சில காலம் அந்த இடத்தைச் சுற்றித் தடுப்புக் கம்பியும் அறிவிப்புப் பலகையும் இருந்தன.

அதே ஆசிரியர், அதே பாடம், அதே பட்டம். இதில் என்ன குறை என்று பல்கலைக்கழகம் கேட்டது. 1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பதில் சொன்னது. படிப்பு என்பது ஆசிரியர் சொல்வதைக் காதில் வாங்குவது மட்டுமல்ல. சக மாணவர்களோடு பேசுவதும் விவாதிப்பதும் கருத்துகளைப் பரிமாறிக்கொள்வதும் அதில் அடங்கும். அதைத் தடுத்தால் அவர் தன் தொழிலைக் கற்பதையே தடுத்ததாகும் என்றது தீர்ப்பு. நான்கு ஆண்டுகள் கழித்து அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினையே செல்லாது என்று அறிவித்த பிரௌன் வழக்குக்கு இது ஒரு முக்கியமான படி.

அந்தத் தீர்ப்பு ஓர் எல்லைக்கோட்டையும் வரைந்தது. மாணவர்கள் பழகுவதை அரசு தடுப்பது வேறு. தடை ஏதும் இல்லாதபோது சக மாணவர்களே பழக மறுப்பது வேறு. முதலாவதில் நீதிமன்றம் தலையிடும், இரண்டாவது அதன் கையில் இல்லை. தன் இனத்தில் தான் ஒருவர் மட்டும் என்ற நிலையில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையின் கதையும் அந்தக் கோட்டின் இரண்டாவது பக்கத்தில்தான் தொடங்குகிறது.

1960-இல் ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமிக்கு வயது ஆறு. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களை மட்டும் வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்ப முடிவானது. தேறிய ஆறு பேரில் இருவர் பழைய பள்ளியிலேயே இருந்துவிட்டார்கள். மூன்று சிறுமிகள் மெக்டோனோ 19 என்ற பள்ளிக்குப் போனார்கள். மிச்சமிருந்த ரூபி மட்டும் 1960 நவம்பர் 14 அன்று வில்லியம் ஃப்ரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் மத்திய அரசின் மார்ஷல்கள் காவலோடு நுழைந்தாள். வாசலில் கூச்சலிட்ட கூட்டத்தைப் பார்த்து, ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்று நினைத்துக்கொண்டாளாம் குழந்தை.

முதல் நாள் முழுவதும் தலைமையாசிரியர் அறையிலேயே கழிந்தது. வெள்ளையர் பெற்றோர்கள் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். மறுநாள் வகுப்பறைக்குப் போனால் அங்கே இன்னொரு குழந்தைகூட இல்லை. பாஸ்டனிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை மட்டும் காத்திருந்தார். அந்தக் கல்வியாண்டு முழுவதும் அவர் ஒரே ஒரு மாணவிக்குப் பாடம் நடத்தினார். வெளியே ஓடி விளையாட ரூபிக்கு அனுமதியில்லை. கூட்டத்திலிருந்த ஒரு பெண் விஷம் வைத்துவிடுவேன் என்று மிரட்டியதால், வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மட்டுமே அவள் சாப்பிட வேண்டியிருந்தது. அவளுடைய அப்பாவுக்கு வேலை போனது. மிசிசிப்பியில் விளைச்சலில் ஒரு பங்குக்காக அடுத்தவர் நிலத்தை உழுதுகொண்டிருந்த தாத்தாவும் பாட்டியும் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஓவியர் நார்மன் ராக்வெல் மார்ஷல்கள் நடுவே நடந்துபோகும் ரூபியை வரைந்து 1964-இல் 'லுக்' இதழில் வெளியிட்டார். ஆனால் கதவுக்கு உள்ளே நடந்தது அந்தக் கூச்சலுக்குக் குறைந்ததல்ல. ரூபி மதிய உணவைச் சாப்பிடாமல் அலமாரியில் ஒளித்துவைக்கத் தொடங்கினாள்; பாலைப் பசை ஜாடிக்குள் ஊற்றினாள். எலியும் கரப்பானும் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் இருக்கும் உணவுக்கூடத்துக்குப் போக ஆசை. அதன்பிறகு பார்பரா ஹென்றி அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்தப் பள்ளியில் வேறு சில வெள்ளைக் குழந்தைகள் இருக்கவே செய்தார்கள். அவளுடைய கண்ணில் படாதபடி அவர்களை வேறொரு அறையில் வைத்திருந்தார்கள். ஆசிரியை விடாமல் வாதாடி, பிற்பாடு அவர்களைச் சந்திக்க வைத்தார். அங்கே ஒரு சிறுவன், உன்னோடு விளையாடக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறார் என்று சொல்லி, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லையும் காரணமாகச் சொன்னான். இத்தனை மாதங்களாக நடப்பது எதனால் என்று அந்த நிமிடத்தில்தான் தனக்குப் புரிந்தது என்று ரூபி பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

மெக்டோனோ 19-இல் லியோனா டேட், கெயில் எட்டியன், டெஸ்ஸி பிரிவோஸ்ட் என்ற மூன்று சிறுமிகளுக்கும் அதே நிலைதான். வெள்ளைக் குழந்தைகள் எல்லோரும் போய்விட்டார்கள். ஜன்னல்களைக் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். விளையாட்டு மாடிப்படிக்கு அடியில். ஆனாலும் அங்கே மூன்று பேர். விளையாட, சண்டை போட, ஒருத்தி அழுதால் இன்னொருத்தி பார்க்க ஆள் இருந்தது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள இந்த வித்தியாசம் பெரியது. பள்ளிகளும் பெற்றோர்களும் இதைச் சரியாக எடைபோடுவதே இல்லை.

பெரிய பிள்ளைகள் என்றால் தாங்கிக்கொள்வார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1957 செப்டம்பரில் சார்லட் நகரின் ஹார்டிங் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த கறுப்பின மாணவி டோரத்தி கவுன்ட்ஸுக்கு வயது 15. எச்சில் துப்பும் கூட்டத்துக்கு நடுவே அவர் நிமிர்ந்து நடக்கும் படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. பள்ளிக்குள் மதிய வேளையில் ஒரு புதிய மாணவி வந்து பேச, ஒரு தோழி கிடைத்துவிட்டாள் என்று டோரத்தி ஆறுதல் அடைந்தார். அடுத்த முறை பார்த்தபோது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நான்கு நாட்களில் பெற்றோர்கள் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கல் எறிந்தவர்கள் ஒரு பக்கம். ஒரு தோழி இருந்து இல்லாமல் போனது இன்னொரு பக்கம். வழக்கு எதிலும் பதிவாகாத இந்த இரண்டாவது காயம் பதினைந்து வயதில் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பது அந்த வயதைக் கடந்த எல்லோருக்கும் தெரியும்.

இப்போது யாரும் வாசலில் நின்று கத்துவதில்லை. ஆனால் ஒற்றையாக இருப்பதன் பாரம் இன்னும் குறையவில்லை. சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்ட்டர் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆண்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பேராக வேலை பார்த்த பெண்களைக் கவனித்து, 1977-இல் ஒரு நூல் எழுதினார். எண்ணிக்கையில் சிலராக இருப்பவர்கள் மேல் எப்போதும் எல்லோருடைய கண்ணும் இருக்கும். அவர்கள் தவறினால் அவர்களுடைய கூட்டமே தவறியதாகக் கொள்ளப்படும் என்றார். வகுப்பறைக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அடிமை முறை பற்றிய பாடம் வந்தால் வகுப்பிலிருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளையை நோக்கி எல்லாத் தலையும் திரும்பும். ஆசிரியரே, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார். ஒரு கண்டத்துக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழும்.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து நார்வேக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. சின்ன ஊர்களில் வகுப்புக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாலே அதிகம். வருகைப் பதிவேட்டில் தங்கள் பெயர் வரும்போது ஆசிரியர் தயங்குவதையும், போரைப் பற்றி யாராவது கேட்கும்போது தாங்கள் பார்த்தே இராத ஓர் ஊருக்காகப் பேச வேண்டி வருவதையும் அவர்கள் பழகிக்கொண்டே வளர்ந்தார்கள்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ஆசிரியர் கட்டுரையில் சிவப்பு மையால் நிறையத் திருத்தினால், பெரும்பான்மைப் பிள்ளை அதைக் கட்டுரையின் குறையாக எடுத்துக்கொள்ளும். ஒற்றைப் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் கூடுதலாக வரும்: இது என் எழுத்துக்கா, என் நிறத்துக்கா? ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் ஆகிய உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. வெறும் விமர்சனம் கிடைத்தபோது கறுப்பின மாணவர்கள் விமர்சகரை நம்பவில்லை. திருத்தி எழுதும் ஊக்கமும் குறைந்தது. இங்கே தரம் மிக உயர்ந்தது, அந்தத் தரத்தை உன்னால் எட்ட முடியும் என்று சேர்த்துச் சொன்னபோது நிலைமை மாறியது. பாராட்டை மட்டும் கூட்டியதால் அதே பலன் கிடைத்துவிடவில்லை. தரத்தைத் தாழ்த்திக் காட்டும் கருணையைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுகொள்கிறார்கள்.

பாஸ்டன் நகரப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் புறநகர்ப் பள்ளிகளுக்கு அனுப்பும் மெட்கோ திட்டம் 1966-இல் 220 மாணவர்களோடும் ஏழு புறநகர்களோடும் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. நல்ல பள்ளி, நல்ல வசதி. மறுபக்கம், விடியும் முன் எழுந்து நீண்ட தூரம் போய், பெரும்பாலும் வெள்ளையர்களே இருக்கும் வகுப்பில் உட்கார வேண்டும். பள்ளி விட்டதும் மற்றவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள், இவர்கள் பேருந்துக்குப் போவார்கள். இப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரே இனத்துப் பிள்ளைகள் மதிய உணவின்போது ஒரே மேசையில் சேர்ந்து உட்கார்ந்தால், ஒதுங்குகிறார்கள் என்று பெரியவர்கள் கவலைப்படுவதுண்டு. உளவியலாளர் பெவர்லி டேனியல் டேட்டம் 1997-இல் எழுதிய நூலின் தலைப்பே அந்த மேசையைப் பற்றிய கேள்விதான். காலை முழுவதும் வகுப்பில் தனியாக இருந்த பிள்ளைக்கு, எதையும் விளக்க வேண்டியிராத அரை மணி நேரம் அந்த மேசையில் கிடைக்கிறது. அதைக் கலைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

செய்யக்கூடியவை செலவில்லாதவை. ஒரு வகுப்பில் ஒரே சிறுபான்மை இனத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால், பிரிவுக்கு ஒருவர் என்று பரப்பி வைக்காமல் ஒரே பிரிவில் போடலாம். பெயரை எப்படிச் சொல்வதென்று முதல் நாளுக்கு முன்பே வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளை தானாகக் கை தூக்காதவரை அதன் இனத்தைப் பற்றிய கேள்வியை அதன் பக்கம் தள்ளாமல் இருக்கலாம். குழுவாகச் செய்யும் வேலைக்குப் பிள்ளைகளையே ஆள் பிடிக்கச் சொன்னால் கடைசியில் மிஞ்சப்போவது யார் என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். குழுவை அவரே பிரித்துவிடலாம். வெளிநாட்டில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர்களும் கட்டணம், பேருந்து, மதிப்பெண் எல்லாவற்றையும் விசாரிக்கும்போது, இந்த வகுப்பில் எங்கள் பிள்ளையைப் போல வேறு யார் இருக்கிறார்கள், யாரும் இல்லையென்றால் அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்விக்குப் பள்ளி தயாராக இருக்கிறதா இல்லையா என்பது பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.