இன்சுலின்: மருந்தா, உடலின் சுரப்பா?



இன்சுலின் மருந்தா, உடலிலே இயல்பாய் ஊறும் சுரப்பா என்பது பலர் கேட்கும் வினா. இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. மருந்துக்கு அடிமையாகிவிடுவோமோ என்று அஞ்சி ஊசியை நிறுத்துவோர் உண்டு; இயற்கைப் பொருள்தானே என்று அளவில் அசட்டையாய் இருப்போரும் உண்டு. இரண்டும் உயிருக்கே கேடாய் முடியலாம்.

இரைப்பைக்குப் பின்னே கணையம் என்னும் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய திட்டுகள் இன்சுலினைச் சுரந்து நேரே இரத்தத்தில் சேர்க்கின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரை தசை முதலியவற்றின் உயிரணுக்களுள் புக அதுவே வழி திறக்கிறது. இவ்வாறு இரத்தத்தின் வழியே சென்று பிற உறுப்புகளை இயக்கும் சுரப்பை ஹார்மோன் என்பர். ஆகவே, பிறப்பால் இன்சுலின் ஹார்மோனே.

1922 ஜனவரியில், கனடாவின் டொரான்டோ நகரில், சாவின் விளிம்பிலிருந்த லெனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையத்தின் சாற்றை ஊசி மூலம் செலுத்தினர். முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. காலிப் என்ற அறிஞர் மேலும் தூய்மை செய்து அளித்த சாறு அவனைப் பிழைக்க வைத்தது. அன்று முதல் அந்த ஹார்மோன் மருந்தும் ஆயிற்று. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய காலத்திலும் விலங்கின் இன்சுலினே கிடைத்தது. மனித இன்சுலினையே நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கி விற்கும் முறை 1982-இல் வந்தது.

காஞ்சிபுரத்துத் தறியை நினைத்துப் பாருங்கள். பட்டுப்புழுவுக்குப் பட்டு, தன் உடலில் சுரந்து தான் கூடு கட்டும் இழை. நெசவாளருக்கோ அது சாயமேற்றிப் பாவாக விரிக்கும் நூல். பொருள் ஒன்றே, பயன் வேறாகும்போது பெயரும் வேறாகிறது. நோய் தீர்க்கப் பயன்படும் பொருளை மருந்து எனக் கொள்ளும் நம் நாட்டு 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குப்பியில் அடைத்த இன்சுலின் மருந்தேயாகும்.

இவ்விரு பெயர்களும் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றன. ஹார்மோன் ஆதலால், அதைச் செலுத்திக்கொள்வது அடிமைத்தனம் அன்று. உடலில் இல்லாததை ஈடுசெய்வதே. கணையம் அறவே சுரக்காத சிறுவர்கள் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகக்கூடும். மருந்து ஆதலால், அதற்கு அளவு உண்டு. மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் கண்டு, நினைவும் தப்பும்.

பெயரைப் பற்றி வாதிடலாம். வேளையையும் அளவையும் மருத்துவர் சொற்படியே காத்தல் வேண்டும்.