யூனிட்டை விட்டா குதிரை ஆயிடுவீங்க!

சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படி. 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. ஆனாலும் நாம படியேறித்தான் போகப் போறோம். ஏன்னா, கணக்கு அங்கேதான் இருக்கு!

ஒரு படி 15 சென்டிமீட்டர், உங்க நிறை 60 கிலோ, ஏற 45 நிமிஷம்னு வெச்சுக்குவோம். உங்க பவர் எவ்வளவு?

நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி நேரத்தால் வகுக்கணும். மொத்த உயரம் 195.75 மீட்டர். செய்த வேலை சுமார் 1,15,100 ஜூல். அவசரத்தில் 45-ஆல் வகுத்தால் 2,558 வரும். பக்கத்தில் 'வாட்' என்று எழுதினால், கிட்டத்தட்ட மூன்றரை குதிரைத்திறன். மனுஷனா, கிணத்து மோட்டாரா? 45 நிமிஷம் என்பது 2,700 விநாடி. சரியான விடை சுமார் 43 வாட். ஒவ்வொரு வரியிலும் யூனிட் எழுதியிருந்தா, 'ஒரு நிமிஷத்துக்கு இத்தனை ஜூல்'னு வந்து அங்கேயே மாட்டியிருக்கும்!

குறியீடு எதுக்கு?

எண்களை எடுத்தவுடனே போடாதீங்க. கடைசி வரி வரைக்கும் குறியீட்டோடவே போங்க. 75 கிலோ நண்பர் அதே நேரத்தில் ஏறினால்? நிறையை மட்டும் மாத்தினா போதும். சுமார் 53 வாட். மேலேயிருந்து விழும் கல்லின் வேகம் கேட்டு, நிறையைக் கொடுக்கலையா? நம்பர் பிரியர் முழிப்பார். குறியீட்டில் போட்டவருக்கு நிறை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும்.

ஆம்பூர் கணக்கு

ஆம்பூர் பக்கம் பதப்படுத்திய தோலைச் சதுர அடியில் அளப்பாங்க. 100 சதுர அடி எத்தனை சதுர மீட்டர்? ஒரு அடி 0.3048 மீட்டர்னு ஒரே தடவை பெருக்கினா 30.48. தப்பு! 'சதுர' இருக்கே, ரெண்டு தடவை பெருக்கணும். விடை 9.29. மூணு மடங்கு தோல் காகிதத்தில் மட்டும் முளைச்சிருக்கும்.

நடுவானில் தீர்ந்த எரிபொருள்

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767, கிலோ கணக்கில் எரிபொருள் கேட்ட விமானம். லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்று போடவேண்டிய இடத்தில் 1.77 போட்டார்கள். அது பவுண்டு! தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பி, வானத்திலேயே ரெண்டு இன்ஜினும் நின்றன. பைலட்டுகள் கிளைடர் மாதிரி ஓட்டி, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்த 1.77-க்குப் பக்கத்தில் 'பவுண்டு'னு ஒரு வார்த்தை இருந்திருந்தா போதும். அடுத்த இன்டர்னல் டெஸ்ட்டில் உங்க பேனா அதை எழுதட்டும்!