மனந்திரும்பிய பிறகும் விழுந்தவர்

"ஞானஸ்நானம் எடுத்தார், சபை முன்னால் அழுது சாட்சி சொன்னார், ஆறே மாதத்தில் மறுபடி குடிக்கிறார். அப்படியென்றால் அன்றைக்கு அழுதது நடிப்பா?" குடிநோயாளி இருக்கும் வீட்டில் மனைவியோ தாயோ என்றாவது இப்படிக் கேட்டிருப்பார். நடிப்பில்லை என்றுதான் நான் சொல்வேன். அதற்கு ஜெர்ரி மெக்காலியின் கதையைச் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்தவர். குடியும், ஆற்றில் நிற்கும் கப்பல்களில் திருட்டும்தான் வாழ்க்கை. 19 வயதில் வழிப்பறி வழக்கில் 15 ஆண்டு தண்டனை. சிங் சிங் சிறை. ஒரு ஞாயிறன்று அங்கே பிரசங்கிக்க வந்தவரைப் பார்த்துத் திகைத்துப்போனார். குத்துச்சண்டைக்காரர் ஆர்வில் கார்ட்னர், தன் பழைய கூட்டாளி! அவர் சொன்ன வசனத்தைத் தேடத்தான் அறையில் கிடந்த வேதாகமத்தை எடுத்தார். தேடியது கிடைக்கவில்லை, வாசிப்பு நிற்கவுமில்லை. ஓர் இரவு அறைத் தரையில் முழங்காலிட்டு அழுதார். மன்னிக்கப்பட்டேன் என்று நம்பினார்.

1864இல் வெளியே வந்தவருக்குப் போக வீடில்லை, விசுவாசிகளில் தெரிந்தவர் ஒருவருமில்லை. யாரோ லாகர் பீர் கொடுத்தார்கள். அவர் உள்ளே இருந்த காலத்தில் பரவிய புதுப் பானம் அது. ஒன்றும் செய்யாது என்றார்கள். குடித்தார். அங்கிருந்து திருட்டு, மறுபடியும் ஆறு.

மன்னிப்பு ஒரு நொடியில் கிடைக்கலாம். உடம்பும் பழக்கமும் அந்த நொடியில் மாறிவிடுவதில்லை. கிருபை என்று கிறிஸ்தவர்கள் சொல்வது தகுதி பார்த்துக் கொடுப்பதல்ல. அதனால் இரண்டாம் முறை விழுந்தவருக்கும் அது குறைவதில்லை. சபைகளே இதை மறந்து, சறுக்கியவரைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

மெக்காலியைத் தேடி வந்த ஊழியர் ஒருவர் பரம ஏழை. நீ மறுபடி திருடுவதைவிட என் கோட்டைக் கழற்றி அடகு வைக்கிறேன் என்றாராம். அது எவ்வளவு நைந்த கோட்டு என்பது மெக்காலிக்குத் தெரியும். அந்த அன்புதான் அவரை உடைத்தது. அதற்குப் பிறகும் சறுக்கினார். ஒவ்வொரு முறையும் யாராவது தேடி வந்தார்கள்.

1872இல், தானும் குடியிலிருந்து மீண்ட மனைவி மரியாவோடு, வாட்டர் தெருவில் பழைய நடன விடுதி ஒன்றில் மிஷன் திறந்தார். இரவுதோறும் கூட்டம். குடித்துவிட்டு வந்தவரையும் உட்காரவைத்தார்கள். நீண்ட பிரசங்கம் இல்லை. மீண்டவர்கள் சுருக்கமாகச் சாட்சி சொல்வார்கள். தான் விழுந்துகிடந்த இரவுகளையெல்லாம் நினைத்துத்தான் தினமும் விளக்கேற்றினார் என்று நினைக்கிறேன். 1884இல் இறந்தார்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அவருடைய இன்னொரு மிஷனில் மனந்திரும்பிய குடிகாரர் சாமுவேல் ஹாட்லி. அவருடைய சாட்சியைத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் சமய அனுபவங்களைப் பற்றிய தன் நூலில் சேர்த்தார். 1934 டிசம்பரில் நியூயார்க் டவுன்ஸ் மருத்துவமனையில் குடிநோய்ச் சிகிச்சையில் இருந்தபோது பில் வில்சன் அந்த நூலை வாசித்தார். அடுத்த ஆண்டு டாக்டர் பாப் என்பவரோடு சேர்ந்து, குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

வில்சன் கடவுளைக் கூப்பிட்டது அந்த மருத்துவமனைக் கட்டிலில்தான். ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும்: நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே உங்கள் வீட்டில் குடிப்பவருக்காக ஜெபியுங்கள். அவரை மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.