மகுடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை

அழகிப் பட்டம் வென்றவரை நாம் ஓர் இரவுதான் பார்க்கிறோம். கண்ணீர், மகுடம், பூங்கொத்து, கையசைப்பு. வேலை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. பட்டத்தோடு அமைப்பாளர்களின் ஒப்பந்தமும் வரும். அதில் கையெழுத்துப் போட்டபின் அடுத்த ஓராண்டு நாட்காட்டி அவர் கையில் இருக்காது. திங்கட்கிழமை கல்லூரி விழா, செவ்வாய் ரத்ததான முகாம், நடுவாரத்தில் நகைக்கடைத் திறப்பு, சனிக்கிழமை புற்றுநோய் விழிப்புணர்வு நடை, ஞாயிறு குழந்தைகள் இல்லம். எங்கே போனாலும் தோளில் அதே பட்டை, முகத்தில் வாடாத சிரிப்பு. கால்வலி யாருக்கும் தெரியக்கூடாது.

நம் புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இந்த ஓட்டத்தை ஓடியவர் ஒருவர் இருக்கிறார். திருச்சியைச் சேர்ந்த அனுக்ரீத்தி வாஸ், 2018 ஜூன் 19 அன்று மும்பையில் ஃபெமினா மிஸ் இந்தியா பட்டம் வென்றபோது சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். மகுடம் சூட்டியவர் முந்தைய ஆண்டு உலக அழகியான மனுஷி சில்லர். 1974-இல் தனி மாவட்டம் ஆகும்வரை புதுக்கோட்டையும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பழைய உறவைச் சொல்லி, ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்று நாமும் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். 2018 டிசம்பரில் சீனாவின் சான்யாவில் நடந்த உலக அழகிப் போட்டியில் அவர் முதல் 30 பேருக்குள் வந்தார்.

அழகிக்கும் சமூக சேவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். உலக அழகிப் போட்டியில் ‘நோக்கமுள்ள அழகு’ என்ற பிரிவு 1972-இலேயே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் போட்டி அமைப்பாளர்களில் ஒருவரான ஜூலியா மார்லி. போட்டியாளர் தன் நாட்டில் செய்த சேவைப் பணியும் அங்கே எடைபோடப்படுகிறது. மனுஷி சில்லர் எடுத்துக்கொண்டது மாதவிடாய்க்கால சுகாதாரம். நல்ல விஷயம்தான். ஆனால் கோவை முருகானந்தம் மகுடமும் மேடையும் இல்லாமல், தான் உருவாக்கிய நாப்கின் இயந்திரத்தோடு அதே விஷயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அவருக்கு முதலில் கிடைத்தது கேலி. மகுடத்துக்கு கேமரா முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அதையும் சின்னதாக நினைக்க வேண்டாம். நாலு பேர் நடுவில் சொல்லக் கூசும் வார்த்தையைப் பட்டம் வென்ற பெண் மைக்கில் சொன்னால், முன்வரிசைப் பெரியவர்களும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் எந்த மேடையில் நிற்பது என்பது எப்போதும் பட்டம் வென்றவர் கையில் இருப்பதில்லை. 1966-இல் உலக அழகியான ரீட்டா ஃபாரியா, அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர், முதல் ஆசியர். பம்பாயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். கடன் வாங்கிய சேலையோடு லண்டன் போனவர். பட்டம் கிடைத்த அடுத்த மாதமே நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் குழுவோடு வியட்நாமில், அமெரிக்கச் சிப்பாய்கள் முன்னால் மேடை ஏறினார். இந்தியாவில் அது பெரிய சர்ச்சை ஆனது. ஓராண்டு முடிந்ததும் மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவப் படிப்புக்கே திரும்பிவிட்டார். எனக்கு அந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

சரி, விருந்தினர் வரும் ஊருக்கு என்ன கிடைக்கிறது? நம் பக்கத்து விழா எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பத்து மணி நிகழ்ச்சிக்கு எட்டரைக்கே சுய உதவிக் குழுப் பெண்களை வேனில் கொண்டுவந்து நாற்காலியை நிரப்புவார்கள். பந்தலுக்குள் வெக்கை. சவுண்ட் சர்வீஸ்காரர் ‘செக், செக்’ என்பார். விருந்தினர் வந்து சேரப் பன்னிரண்டு ஆகும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரிசையாகப் பொன்னாடை, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத நினைவுப் பரிசு. அவர் பேசுவது ஏழெட்டு நிமிடம். பிறகு செல்ஃபிக்குத் தள்ளுமுள்ளு. கடை திறக்க வந்தால் அவருக்குச் சம்பளம் உண்டு. நாற்காலியை நிரப்பியவர்களுக்கு ஒரு பொட்டலம் சாப்பாடு. அன்றைய கூலி போனது போனதுதான்.

இதே புதுக்கோட்டை நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறது. 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு சைக்கிளையும் சேர்த்தார். உள்கிராமத்துக்குப் பெண் தொண்டர்கள் போய்ச் சேர வேண்டும், பஸ் கிடையாது. காரணம் அவ்வளவு எளிமையானது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று லட்சம் பேருக்கு மேல் ஓட்டப் பழகினார்கள். பழகியவர்களை ஊர் சும்மா விடவில்லை. நடத்தையைப் பற்றிக் கேவலமாகப் பேசியது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அதில் ஒரு வசதியும் கண்டுபிடித்தார்கள்: நடுவிலிருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். 1992 மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்தபடி புதுக்கோட்டைக்குள் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த ஊர்வலத்தில் பார்க்க வந்தவர், பார்க்கப்பட்டவர் என்று பிரிக்க முடியாது. பஸ்ஸுக்காகவோ வீட்டு ஆண்களுக்காகவோ காத்திருக்கும் நிலை அவர்களுக்குக் குறைந்தது. விழா மேடையிலிருந்து யாரும் தூக்கிக் கொடுத்திருக்க முடியாத பரிசு அது.

ஆகவே பட்டம் வென்றவர்கள் வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரல் போடும் வேலையை என்னிடம் யாரும் தரப்போவதில்லை. தந்தால், முதல் காரியமாகப் பந்தலை ரத்து செய்வேன். ஒருநாள் விடியலில் கீரமங்கலத்தில் பூப் பறிப்பவர்களிடம் அழைத்துப் போகலாம். இன்னொரு நாள் கட்டுமாவடி மீன் மார்க்கெட். மாலையில் அறிவொளிக் காலத்தில் சைக்கிள் பழகிய யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை; இன்று அவர்களுக்கு அறுபதை ஒட்டிய வயதிருக்கும், பேசச் சொன்னால் நிறுத்த மாட்டார்கள். விருந்தினர் பத்து நிமிடம் பேசட்டும், மீதி நேரம் கேட்கட்டும். செல்ஃபி தாராளமாக எடுக்கட்டும், பட்டையை அவர்கள் தோளில் போட்டும் ஒன்று எடுக்கட்டும். ஒன்றை மட்டும் வேன் கிளம்பும் முன்பே ஏற்பாட்டாளர்களிடம் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்: வேலையை விட்டுவிட்டு வந்து உட்காரும் பெண்களுக்கு அன்றைய கூலியை யார் கொடுப்பது என்று.